எல்லாம் மஞ்சள்

"சித்தி, ஒம் மூஞ்சி மஞ்சளா இருக்கு" என்றாள் ஜெயா.

நாலு வயசுப் பெண். மத்தியானக் கஞ்சியை அப்போதுதான் வாந்தி எடுத்திருந்தாள். ரப்பர்க் காட்டு வேலை முடிந்து வந்த பெத்தம்மாள், வாளியைக் கீழே போட்டுவிட்டு அவளை வாரி எடுத்தாள்.

"சுவரும் மஞ்சளு. கோழியும் மஞ்சளு சித்தி."

பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவுக்கு இது போதும்.

"ஆத்தா எறங்கிட்டா. மஞ்சள் கட்டிக்கிட்டு வந்திருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான், வரிசை வீடுகள் அத்தனையும் காலியாகி லயமே கூடிவிட்டது. ஒருத்தி வேப்பிலைக்கு ஓடினாள். ஒருத்தி சூடம் கொளுத்தினாள். போன மாசம் காணாமல் போன தன் வெள்ளாடு எந்தப் பக்கம் போனது என்று சுப்பம்மா குழந்தையிடமே கேட்டாள். குழந்தை மறுபடி வாந்தி எடுத்தது.

பெத்தம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கும்பிடுவதா, அழுவதா? குனிந்து குழந்தையின் காதில் ஏதோ கேட்டாள். குழந்தை பதில் சொன்னது. உடனே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு ஓட்டமாய் ஓடினாள். பின்னாலேயே லயமும் ஓடியது.

அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் கனகரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தார்.

"ஆத்தாவும் இல்லை, ஒண்டும் இல்லை. வயித்துப் பூச்சிக்குக் குடுக்கிற மருந்து கூடிப்போச்சு. அது கூடினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாய்த்தான் தெரியும். ஆர் குடுத்தது?"

"நாந்தாங்க ஐயா. அலோர் காஜா டவுன் கடையில வாங்கினது."

"எத்தனை?"

"நாலு."

"நாலோ? ஒண்டுக்கு மேலை குடுக்கக் கூடாதெண்டு கடைக்காரன் சொல்லேல்லையோ?"

"சொன்னாருங்க. சீக்கிரம் குணமாவட்டும்னு நாந்தான்..."

வாசலில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் இருந்த வேப்பிலையைக்கூட இன்னும் கீழே போடாத சுப்பம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும். சித்திக்காரி புத்தி எங்க போவும்?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான் குழந்தையின் அப்பன் ரங்கசாமி. காலில் பால்வெட்டுக் கத்தி பட்டு மூன்று நாளாய் லயத்தில் கிடந்தவன். வந்த வேகத்தில் பெண்டாட்டியை ஓர் அறை விட்டான்.

"எம் புள்ளைய கொல்லப் பாத்தியா? மூட்டையக் கட்டு. விடிஞ்சதும் டுரியான் துங்காலுக்கு, ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரு."

பெத்தம்மாள் கன்னத்தைக்கூடத் தடவாமல் குழந்தையின் வாயைத் துடைத்தாள். டிரசருக்குத்தான் குழப்பம். தாயை முழுங்கிப் பிறந்தது என்று சொல்லி, நாலு வருசமாய் அந்தக் குழந்தையை ஏறெடுத்தும் பாராதவன் இந்த ரங்கசாமி. இன்று எங்கிருந்து வந்தது இந்த 'எம் புள்ள'?

அதை யோசிக்க நேரமில்லை. கூட்டத்தை விரட்டிவிட்டு, உள்ளே போன மருந்து வெளியேற வாந்திக்கும் பேதிக்கும் கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். நல்ல காலம், சாயங்காலத்துக்குள் ஜெயாவுக்குச் சுவர் வெள்ளையாகிவிட்டது. அயர்ந்து தூங்கினாள். தோட்டத்துக் கடைவரை போய்த் திரும்பி வந்த பெத்தம்மாள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"பெத்தம்மா, எத்தனை மணிக்குக் குடுத்தனி?"

"பன்னண்டு இருக்குங்க."

"பன்னண்டு மணிக்கு நீ ரப்பர்ப் பால் ஸ்டோரிலை எனக்கு முன்னாலை நிண்டு காய்ச்சல் வராமல் கொயினா குடிச்சனி. நான்தான் ஊத்தினனான். கசக்குதெண்டு முகத்தைச் சுழிச்சதும் எனக்கு ஞாபகம். அந்த நேரம் வீட்டிலை இருந்தது உன்ரை புருசன்தான். அவனோ குடுத்தது?"

பெத்தம்மாள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு அது மருந்துன்னே தெரியாதுங்க ஐயா. செவப்பா, இனிப்பா இருக்கவும் மிட்டாய்னு நெனச்சிட்டாரு. இன்னமும் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காரு."

"பிறகேன் நீ அடி வாங்கினனி? உனக்கென்ன விசரோ? கூப்பிடு அவனை, நான் சொல்லுறன்."

"வேணாங்க ஐயா, ஒங்க காலுல விழறேன். பொறந்ததிலேருந்து இது மூஞ்சிய பாக்காத மனுசன். இன்னிக்குத்தான் மொத மொதலா மடியில ஒக்கார வச்சி ஊட்டி விட்டிருக்காரு. 'சித்தி, அப்பா எனக்கு நாலு மிட்டாய் குடுத்தாரு'ன்னு காதுல சொல்லுறப்ப, அந்த வாந்திக்கு நடுவுலயும் சிரிக்குதுங்க. தன்னாலதான் இப்பிடி ஆச்சுன்னு தெரிஞ்சா, இனிமே பயந்துக்கிட்டுத் தொடவே மாட்டாரு."

டிரசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, அவனுக்குத் தெரியாட்டி நாளைக்கும் எடுத்துக் குடுப்பானே, பிள்ளை?"

"மிச்சம் இருந்தத அடுப்புல போட்டுட்டேங்க. கடைக்குப் போயி நெசமான மிட்டாய் வாங்கி அதே எடத்துல வச்சிட்டேன். நான் அண்ணன் வீட்டுல இருக்கப்ப புள்ள மடியில ஏறுனா, அவரு கையில எடுத்துக் குடுக்க ஏதாச்சும் இருக்கணுமில்லீங்களா?"