மணிக்கட்டு மட்டும்

“மணிக்கட்டு மட்டும் போதும்மா. அதுக்கு மேல ஒரு விரக்கடை கூடக் கதிர் படக் கூடாது.”

எக்ஸ்ரே அறையில் நின்ற பயிற்சி மாணவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “வந்தது வந்தோம், உடம்பு முழுக்க ஒரு படம் எடுத்துடும்மா” என்று மல்லுக்கு நிற்கிறவர்களையே பார்த்துப் பழகியவள் அவள். இப்படி ஓர் அப்பாவை இப்போதுதான் பார்க்கிறாள்.

மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதாம். தாயில்லாப் பிள்ளை, தான் ஒருவனே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பிள்ளையின் முழுக்கைச் சட்டையை வீக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் பதவிசாக மடித்துவிட்டார்.

“ரொம்ப வலிக்குதா பாப்பா?”

குழந்தை அப்பாவின் முகத்தைப் பார்த்தது. “வலிக்கலை.”

“தங்கமான பொண்ணும்மா. அழவே மாட்டா” என்றார் அவர்.

“கதிரைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே சார், நீங்களும் எங்க துறையா?”

“இல்லம்மா. பெத்தவன் நாலு விஷயம் படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாமா? வளர்ற பிள்ளைங்களுக்கு செல்லெல்லாம் வேகமாப் பிரியும். வேகமாப் பிரியுற செல்லைத்தான் கதிர் முதல்ல தாக்கும். நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?”

போன வாரம் வகுப்பில் தூக்கக் கலக்கத்தோடு எழுதிக்கொண்ட அதே பாடம். வாத்தியார்கூட இத்தனை கச்சிதமாகச் சொல்லவில்லை. ஊரில் உள்ள அப்பாக்கள் எல்லாரும் இப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவருக்கு ஈய அங்கியை மாட்டிவிட்டாள். குழந்தையின் கையை மேசைமேல் நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். “முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குங்க சார்” என்றுவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடிவந்து பொத்தானை அழுத்தினாள்.

திரையில் படம் விரிந்தது.

விரல் நுனியிலிருந்து தோள் வரை முழுக் கையும் விழுந்திருந்தது. இவர்களுக்கு முன்னால் வந்தவர் பருத்த மனிதர். அவருடைய இடுப்புக்காக அகலத் திறந்த கதிரின் பரப்பைக் குறுக்காமலே எடுத்துவிட்டாள். பேச்சில் மயங்கியதன் பலன்!

இதே தப்புக்காக ஏற்கெனவே இரண்டு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவள். துறைத் தலைவி மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘காரீயம்’. அழுகை, கெஞ்சல், எதுவும் அவரை ஊடுருவாது. “இன்னொரு தரம் திறந்து விட்டேன்னு வை, மூட்டையைக் கட்டிக்கிட்டுக் காலேஜுக்கே போயிடு” என்று நேற்றுத்தான் கறாராகச் சொல்லியிருந்தார்.

“மணிக்கட்டு மட்டும்தானே விழுந்துச்சு?” அப்பாக்காரர் அங்கியோடு வந்து நின்றார்.

பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. “மன்னிச்சிடுங்க சார். முழுக் கையும் விழுந்துடுச்சு.”

அவர் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! பச்சைப் பிள்ளை உடம்புன்னா உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? அழி அதை. இப்பவே என் கண்ணு முன்னால அழி. மணிக்கட்டை மட்டும் வேற எடு!”

சத்தம் கேட்டு மேடம் வந்துவிட்டார். மாணவி அழுதுகொண்டே திரையைக் காட்டினாள். “என் தப்புதான் மேடம். சார் கோபப்படுறது நியாயம்.”

மேடம் திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. படிப்பு இன்றோடு சரி, வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று நினைத்துக்கொண்டாள்.

“எங்க தப்புதான் சார்.” மேடத்தின் குரலில் தேன் ஒழுகியது. “இந்தப் பொண்ணை நான் கவனிச்சுக்கறேன். மணிக்கட்டுக்கு நானே வேற படம் எடுத்துத் தர்றேன். நீங்க அங்கியைக் கழட்டிக் குடுத்துட்டு வெளியில உட்காருங்க. பாப்பா இங்கேயே இருக்கட்டும்.”

“அந்தப் படத்தை அழிச்சிடுவீங்கல்ல?”

“அதை நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க.”

அவர் தயங்கித் தயங்கிப் போனதும் மாணவி கைகூப்பினாள். “மேடம், இந்த ஒரு தரம் மன்னிச்சிடுங்க. படத்தை அழிச்சிடட்டுமா?”

“தொடாதே அதை!”

மேடம் கதவைத் தாழிட்டார். அடிபட்ட கையில் படாமல் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். காரீயத்தின் கண்கள் கலங்கி மாணவி பார்த்தது அன்றுதான்.

“மணிக்கட்டுல இருக்கிறது இன்னிக்கு உடைஞ்சது” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “இங்க பாரு, முழங்கைக்கு மேல. உடைஞ்சு, கட்டுப் போட ஆளில்லாம, கோணலாத் தானே ஒட்டிக்கிட்டிருக்கு. தோள்கிட்ட இன்னொண்ணு, அது அதைவிடப் பழசு. டாக்டரைக் கூப்பிடு, போலீஸுக்கும் சொல்லச் சொல்லு. நீ செஞ்சது தப்புதான், அதுல மாத்தமில்லை. ஆனா அந்த ஆளு சொன்னபடி மணிக்கட்டை மட்டும் எடுத்திருந்தா, இந்தப் பிள்ளையை நாமளே திரும்ப அவன் கையில ஒப்படைச்சு அனுப்பியிருப்போம்.”