பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம்

காரை வாங்க வந்த அனூப், ஸ்டீரிங்குக்கு அடியில் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு கருவியைச் செருகினான். வண்டியின் மீட்டர் முள்ளெல்லாம் அவன் போனில் தெரிந்தன.

"அண்ணாச்சி, ஓடாத வண்டி ஸ்பீடு பன்னெண்டு காட்டுது கேட்டோ."

"போன் சொன்னா வேதமாடே?" என்றார் இசக்கிப்பாண்டி. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

பன்னிரண்டு அவர் மனைவி மாடம்மாளின் வேகம். ஓட்டிப் பழகணும் என்று அவள் பல வருஷம் கெஞ்சியும் அசையாதவர், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்குமுகம் கடற்கரையில் வண்டியைக் கொடுத்தார். முதல் கியரிலேயே சிரித்துக்கொண்டு போனாள். அந்த மழைக்காலத்தில் இறந்தும் போனாள்.

"வண்டிய விக்கலடே," என்றார். டிரைவர் சீட்டைக் காலியாக விட்டு, இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

"ஏட்டி, கிளட்ச மிதி. ரெண்டாம் கியரப் போடு."

கார் நின்ற இடத்திலேயே நின்றது. அனூப் கையிலிருந்த போனில் முள் இருபதைத் தாண்டியது.