மூடியின் மேல் குழவிக்கல்

மூடியைத் திறந்தான்.

காலை எட்டு மணிக்குள் இது மூன்றாவது முறை.

முதல் முறை பார்த்தபோது இரண்டு மண்புழுக்கள் மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த முறை ஏழெட்டு. இப்போது எண்ண முடியவில்லை. மண்புழு உரத் தொட்டியின் நாலு பக்கமும் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று விளிம்பைத் தாண்டி, பால்கனித் தரையில் வெயில் பட்ட இடத்தில் விழுந்து நெளிந்தது.

எடுத்து உள்ளே விட்டான்.

மறுபடி ஏறியது.

தொட்டியிலிருந்து புளித்த வாடை அடித்தது. மனைவி கோகிலா வீட்டில் இருந்தவரை வெறும் ஈர மண் வாசம்தான் வரும். நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி காய்கறித் தோல் போடுவாள். மேலே ஈரச் சாக்கை விரித்து மூடிவிடுவாள். அப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அவள் மதுரையில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள்.

ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவியை அழைத்து வந்த நாள் முதல் அவன் ஓயவில்லை. மோட்டார் பம்ப் கம்பெனியில் ஒவ்வொரு பம்பையும் ஓடவிட்டுப் பார்த்து அனுப்புவது அவன் வேலை. வீட்டிலும் அதையே செய்தான். மணிக்கொரு டம்ளர் மாதுளைச் சாறு. ரத்தம் ஊறட்டும் என்று சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல் வறுவல். மாத்திரை போட்டாயா, ஏன் எழுந்தாய், என்ன யோசிக்கிறாய். அவள் கண்ணை மூடினால்கூட, தூங்குகிறாளா என்று குனிந்து பார்த்தான். யாருக்குத்தான் மூச்சு முட்டாது?

பையோடு நின்றபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“கொழந்த போனது எனக்கு மட்டுந்தானுங்களா?”

அவன் உள்ளே போய் இன்னொரு மாதுளையை உரித்தான். டம்ளரோடு வந்தபோது வாசலில் அவள் செருப்பு இல்லை.

மறுநாள் ஒரே ஒரு செய்தி வந்தது. புழுத்தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

பார்த்துக்கொள் என்றால் அவனுக்குச் சொல்லவா வேண்டும்? தினம் இரண்டு வேளை போட்டான். முட்டைக்கோஸ், வாழைப்பழத் தோல், ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கை. நேற்று ஃபிரிட்ஜைத் திறந்தான். அவளுக்கென்று வாங்கிய மாதுளைகள் ஆறும் சுருங்கிக் கிடந்தன. உடைத்து அப்படியே தொட்டிக்குள் கொட்டினான்.

யாராவது சாப்பிட்டால் போதும் என்றிருந்தது.

இப்போது படம் எடுத்து அவளுக்கு அனுப்பினான். புழுக்கள் செத்துப்போனால் அவள் வரவே மாட்டாள் என்று ஏனோ தோன்றிவிட்டது.

உடனே அழைத்தாள். பதினோரு நாளில் முதல் முறை.

“புளியும் மாதுளையுமா? அத்தனையும் அள்ளி வெளிய போடுங்க. நியூஸ்பேப்பரக் கிழிச்சுப் போட்டு மூடீருங்க. நாலு நாளைக்குத் தொறக்கவே கூடாது. அது பாட்டுக்கு இருந்தாத்தான் பொழைக்கும்.”

சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, எப்போது வருவாய். மூன்றும் நாக்கு நுனிவரை வந்தன.

“சரி,” என்றான்.

சொன்னபடி செய்து மூடினான். தன்னையே நம்பாமல், அம்மிக் குழவியைத் தூக்கி வந்து மூடியின் மேல் வைத்தான்.

முதல் நாள் பால்கனிக்குப் பத்துத் தடவை போய் வந்தான்.

இரண்டாம் நாள் தொட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனியில் ஒரே பம்பை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்ததற்கு மேஸ்திரி சிரித்தார்.

மூன்றாம் நாள் குழவியைத் தூக்கினான். வைத்தான். தூக்கினான். வைத்தான்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

வீட்டைக் கூட்டினான். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தான். குக்கரில் அரிசி வைத்தான். பார்த்துக்கொள்ள வேறு எதுவும் மிச்சமில்லை. தொட்டியின் அருகே தரையில் உட்கார்ந்து, குழவியின் மேல் கையை வைத்தான். கல் குளிர்ந்திருந்தது.

வெள்ளைத் துணி ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்குகிற சின்னப் பொட்டலம். பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டாள். மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லி, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடினான்.

எல்லாவற்றையும் திறந்து திறந்து பார்க்கிறவன் அதை மட்டும் பார்க்கவில்லை.

அழுகை வந்தது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. ஓடி எதைச் செய்வது?

போன் அடித்தது.

“தொறந்து பாத்தீங்களா?”

“இல்ல.”

குரல் உடைந்துவிட்டது.

“அன்னிக்கு ஆஸ்பத்திரில நர்ஸ் கேட்டாங்க, கோகிலா. கொழந்தையப் பாக்கறீங்களான்னு. நான் பாக்கல. ஓடிட்டேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வைத்துவிட்டாள் என்றே நினைத்தான்.

“நான் பாத்தேனுங்க,” என்றாள். “சொல்லட்டுங்களா?”

உள்ளே குக்கர் விசில் அடித்தது. முதல் விசிலுக்கே அடுப்படிக்கு ஓடுகிற ஆள் அவன்.

“சொல்லு,” என்றான்.

மூன்றாவது விசில். நாலாவது.

அவன் எழுந்திருக்கவில்லை.