ஹால்வர்சனின் டாக்டர்

"பேஷன்ட்டைத் தொட்டுக்கூடப் பாக்காம ரெண்டு நிமிஷத்துல வெளிய ஓடி வர்றீங்க. அதோ, அந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கோங்க," என்று முதியோர் இல்லத்துக்கு வந்திருந்த பயிற்சி டாக்டர்களைக் கடிந்துகொண்டேன்.

ஹால்வர்சன் என்ற முதியவரின் அறையில், தலைமுதல் கால்வரை கவச உடையில் ஒருத்தி கட்டிலிலேயே உட்கார்ந்து, அவருக்குக் கேட்கும் ஒரே காதில் ஏதோ சொல்லிக்கொண்டே புட்டிங் ஊட்டினாள். கொரோனாவுக்குப் பயந்து எல்லாரையும் அவரவர் அறையில் அடைத்த நாளிலிருந்து சாப்பிட அடம்பிடித்த கிழவர், சிரித்துச் சிரித்து விழுங்கினார்.

நான் உருகிப்போய் உள்ளே நுழைந்தேன். "எந்தக் காலேஜும்மா நீ?"

"எனக்கு எண்பத்திரண்டு வயசு தம்பி. எதிர் ரூம்லதான் இருக்கேன். உங்க உடுப்பெல்லாம் வெளியிலதான தொங்குது, எடுத்து மாட்டிக்கிட்டேன்," என்றாள், திரும்பாமலே. "செக்கப் இன்னும் முடியல. கதவைச் சாத்திட்டுப் போ."