எத்தனை கொடம்?

"வருஷத்துக்கு வெறும் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் மூணு கன கிலோமீட்டர் நிலத்தடி நீர். அவ்ளோதாங்க!"

மேடையில் நின்று சொன்னான் அன்பரசு. பாட்டில் தண்ணீர் கம்பெனியின் இன்ஜினீயர். தேய்த்த சட்டை, கழுத்தில் அட்டை. ஷாசியாவுக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பிச்சாவரம் பக்கத்தில் கம்பெனி போர் போட, ஊரார் கருத்துக் கேட்கும் கூட்டம். ஊர் தலையாட்டினால் கடலூரிலிருந்து வந்த அதிகாரி இன்றே கையெழுத்துப் போட்டுவிடுவார். கடலோர ஊர். அளவுக்கு மீறி உறிஞ்சினால் ஊர்க் கிணறெல்லாம் உப்பாகிவிடும்.

எல்லோரும் ஷாசியாவையே பார்த்தார்கள். கணக்கு டீச்சராயிற்றே!

ஷாசியா மளமளவென்று போட்டாள். "பத்து லட்சத்தால பெருக்கினா மூவாயிரம் கன மீட்டர். நாளைக்கு ஒரு லாரி தண்ணிதான். ஒத்துக்கலாம்."

ஊருக்கு மூச்சு வந்தது.

அப்போது கொளஞ்சியம்மாள் எழுந்தாள். வீடு வீடாகத் தண்ணீர் சுமப்பவள். "தம்பி, அது எத்தனை கொடம்?"

ஷாசியாவுக்கு மானம் போயிற்று. "உக்காருங்கக்கா! கன கிலோமீட்டர்ங்கறாங்க, நீங்க வேற."

அன்பரசு சிரிக்கவில்லை. "ஒரு கன கிலோமீட்டர்னா, ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு தொட்டிம்மா. உள்ள நம்ம கோயில் கோபுரத்த ஒண்ணு மேல ஒண்ணா இருபது அடுக்குனாலும் வெளிய தெரியாது."

மண்டபம் வாயைப் பிளந்தது.

"அதுல ஆயிரத்துல மூணு பங்கு. முந்நூறு கோடி லிட்டர். கொடத்துக்குப் பதினஞ்சு லிட்டர்னா, இருபது கோடி கொடம். விநாடிக்கு ஒரு கொடம்னு ராப்பகலா மொண்டாலும் ஆறு வருஷம் ஆவும். நாங்க ஒரே வருஷத்துல எடுப்போம்."

ஷாசியா தன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். கன மீட்டருக்குச் சதுர மீட்டர் கணக்கைப் போட்டுத் தொலைத்திருக்கிறாள்! ஒரு லாரி இல்லை, நாளைக்கு ஆயிரம் லாரி. இரண்டு பூஜ்யத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய தண்ணீரா!

"வேணாம்!" என்று மண்டபமே கத்தியது. அதிகாரி பைலை மூடினார்.

வாசலில் கம்பெனி மேனேஜர் அன்பரசுவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். "நாளையிலேருந்து நீ வர வேணாம்!"

"நல்லா வேணும்," என்றாள் ஷாசியா, கொளஞ்சியம்மாளிடம். "எங்கள ஏமாத்தப் பாத்தான், ஒங்க ஒத்தக் கேள்வில மாட்டிக்கிட்டான். எப்படிக்கா தோணுச்சு?"

கொளஞ்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கெங்க டீச்சர் தோணும்? நேத்து அந்தப் புள்ளதான் கொழாயடிக்கு வந்து, 'கொடத்துல கேளுங்கம்மா, கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்'னு சொல்லிட்டுப் போச்சு."