வாகிமான் வீட்டு வாசல் விளக்கு

"பிள்ளையே பொறக்காத வீட்டு வாசல்ல எதுக்கு இந்த லைட்டு?"

ருக்மியம்மா, எங்கள் பேச்சில் இபு ருக்மி, கேட்டேவிட்டாள். கேட்டது அவள் ஒருத்திதான். கேட்க வாய் துறுதுறுத்தது எங்கள் சந்து முழுக்க.

எங்கள் மாலாங் ஊர்ப் பக்கத்தில் குழந்தையோடு வருகிற நஞ்சுக்கொடியும் தொப்புள்கொடியும் அதற்குத் தம்பி முறை. அப்பன்தான் அதைக் கழுவி, மண்சட்டியில் வைத்து, வாசலோரம் புதைக்க வேண்டும். மேலே கூடையைக் கவிழ்த்து, உள்ளே சின்ன பல்பு எரிய வேண்டும். முப்பத்தைந்து நாள். தம்பி இருட்டில் கிடந்தால் குழந்தை ராத்திரியெல்லாம் அழும்.

வாகிமான் வீட்டில் குழந்தையே கிடையாது. அவர் மனைவி லஸ்மிக்கு வயது ஐம்பத்தாறு.

"எரிஞ்சிட்டுப் போகட்டும் இபு. கரண்டு பில்லு நாங்கதான கட்டுறோம்" என்றாள் லஸ்மி, கறியுருண்டை உருட்டிக்கொண்டே.

வாகிமான் பக்சோ விற்பவர். கறியுருண்டை சூப்பு வண்டி. சுரபாயாவில் இருக்கிற அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று போனவர், இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பினார். வந்த அன்று சாயங்காலமே வாசலில் விளக்கு. இரண்டையும் கூட்டிப் பார்க்க எங்கள் சந்துக்குக் கணக்கு வாத்தியார் தேவைப்படவில்லை.

பெண்கள் அவரிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். அவர் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளி வந்தால், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. முக்கால் பானை சூப்பு வீட்டுக்கே திரும்பியது. அந்த வண்டியை விட்டால் அவர்களுக்கு வேறு வருமானம் இல்லை.

கடைசியில் சந்துத் தலைவர் பாக் சுரோசோ, அதாவது சுரோசோ ஐயா, புறப்பட்டு வந்தார். பின்னாலேயே ருக்மி. சாட்சிக்காம்.

"வாகிமான், சுத்தி வளைக்காம கேக்கறேன். குழந்தை யாரோடது?"

"தெரியாது பாக்."

"தெரியாதாம். கேட்டுக்குங்க" என்றாள் ருக்மி.

"சரி, ஆணா பொண்ணா? அதாவது தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

ருக்மிக்குப் பொறுக்கவில்லை. "லஸ்மி, இந்த மனுஷன் பேசுறதைக் கேட்டுட்டு எப்படி உன்னால உருண்டை உருட்ட முடியுது?"

"உருட்டலேன்னா கறி கெட்டுப்போயிடுமே."

சுரோசோ நல்ல மனிதர். குரலை இறக்கினார். "இங்க பாரு, நடந்தது நடந்துபோச்சு. லைட்டைக் கழட்டி உள்ள வெச்சுடு. சந்து நாலு நாள்ல மறந்துடும். உன் வியாபாரமும் நடக்கும். நான் சொல்லி வாங்க வைக்கறேன்."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருக்கு பாக்."

"அதுவரைக்கும் வியாபாரம் படுத்துடுமே."

"படுத்தாப் படுக்கட்டும்."

இதைக் கேட்டதும் அந்த நல்ல மனிதருக்கே கோபம் வந்துவிட்டது. விடுவிடுவென்று வாசலுக்குப் போய்க் கூடையைத் தூக்கினார்.

கீழே சிமென்ட் தரை. கீறல்கூட இல்லை.

"தோண்டவே இல்லையே. பிறகு எங்கதான் புதைச்சே?"

வாகிமான் மனைவியைப் பார்த்தார். லஸ்மி கையைத் துடைத்துக்கொண்டாள். தலையாட்டினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சாரோங்கை முழங்கால்வரை உயர்த்தினார்.

"இங்க."

கெண்டைக்கால் முழுக்க ஊசி குத்திய தடங்கள். பெருவிரலில் கட்டு.

"சர்க்கரை, பாக். ரத்தக் குழாயெல்லாம் அடைச்சுப்போச்சு. விரல் கறுத்து, காலையே எடுக்கணும்னாங்க. சுரபாயாவுல ஒரு டாக்டரம்மா, புதுசா ஒண்ணு பண்ணிப் பாக்கறோம், பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், வர்றீங்களான்னு கேட்டாங்க. பிரசவத்துல அறுக்கற தொப்புள்கொடியில இருந்து ஸ்டெம் செல் எடுத்து, வளர்த்து, கால்ல ஊசியாப் போட்டாங்க. அடைச்ச குழாய்க்குப் பக்கத்துலயே புதுசு துளிர்க்குமாம்."

"பத்து மாசமா ஐஸ் மாதிரி கிடந்த கால்" என்றாள் லஸ்மி. "போன வாரம் தொட்டுப் பாத்தேன். சூடு இருந்துச்சு."

சுரோசோ கூடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"புண்ணுக்காலோட ஒருத்தன் வந்து சூப்பு ஊத்தினா யாரு குடிப்பா?"

ருக்மியிடம் மட்டும் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

"அதான் பிள்ளையைப் பெத்த பொண்ணே கொடியை ஆஸ்பத்திரிக்குன்னு குடுத்துட்டாளே. ஊர் வாயில விழுந்து, பொழப்பையும் கெடுத்துக்கிட்டு, நீங்க எதுக்கு விளக்கு வைக்கணும்?"

வாகிமான் சாரோங்கை மெல்ல இறக்கிவிட்டார்.

"புதைச்ச இடம் அவளுக்குத் தெரியாது இபு. எனக்குத்தான தெரியும்."