எட்டும் உயரம்

பால் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏற்றினேன்.

மேடை என் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தது. அதற்கடியில் அலமாரி கிடையாது, முழங்கால் நுழைய இடம் விட்டிருந்தது. உப்பு, புளி, மஞ்சள்பொடி எல்லாம் கை நீட்டினால் எட்டும். குழாயைத் திருப்பக்கூட எம்ப வேண்டாம்.

அளவெல்லாம் நான் சொன்னதுதான். செல்போனில் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். வேல்சாமி கொத்தனார் என் நாற்காலியைச் சுவரோரம் நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்.

பசுவந்தனை ரோட்டில் பைக்கோடு விழுந்த பிறகு நான் வாய்விட்டுக் கேட்ட காரியம் இது ஒன்றுதான். சும்மா கேட்கவில்லை, கணக்குப் போட்டுத்தான் கேட்டேன். சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டால் கடைக்குப் போய்விடலாம். தெருமுனையில்தான் எங்கள் பலசரக்குக் கடை. விழுகிற நாள் வரைக்கும் கல்லாவில் உட்கார்ந்திருந்தது நான்தான். கல்லாவில் உட்காரக் கால் எதற்கு?

முதலில் அடுப்படி முடியட்டும் என்றார் என் வீட்டுக்காரர். இதோ, முடிந்துவிட்டது.

பால்காய்ச்சுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள். நவநீதகிருஷ்ணன் மாதிரி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இத்தனை மாதமாக எங்களுக்குப் பொங்கிப்போட்ட நாத்தனார் கோமதியம்மாள் மட்டும் காலையிலேயே பையைக் கட்டிவிட்டாள். இந்த மேடையில் குனிந்து சமைத்தால் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகுமாம். மத்தியான பஸ்ஸில் நாகலாபுரம் போகிறாள். இனி எல்லாம் நான்தான்.

வேட்டி துண்டை வாங்கிக்கொண்ட கொத்தனார் வாசலைப் பார்த்தார். கரிசல் மண் என்று அஸ்திவாரத்தை உயர்த்திக் கட்டிய வீடு, வாசலில் மூன்று படி. ஆஸ்பத்திரிக்கு என்றால் என்னை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். கடைக்கு யார் தூக்குவார்கள்?

"அண்ணாச்சி, ரெண்டு மூடை சிமெண்டு மிச்சம் கெடக்கு. நாளைக்கு வந்து இந்தப் படியில சரிவு போட்டுத் தாரேன். மதினி அவியளா தெருவுக்கு இறங்கிருவாகல்லா. கூலி வேண்டாம்."

நான் பாலைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு வேல்சாமி? சரிவு போட்டா தெருவுல போற ஆடு மாடெல்லாம் உள்ள வந்துரும். அவளுக்கு இனி வெளிய என்ன சோலி? எல்லாந்தான் இங்கன கைக்கு எட்டுத மாதிரி செஞ்சு குடுத்தாச்சே."

எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் பொல்லாதவர் இல்லை. பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட ஒன்றுமே இல்லை.

பால் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

அடுப்பை அணைத்தேன். கை நன்றாகவே எட்டியது.